புதன்கிழமைப் புட்டி

பேர் மட்டும்தான் ஒயின்ஷாப்.
வண்ணார்பேட்டைக் கடையில் போய் ஒயின் என்று கேட்டால்
கம்பிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்
என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்க்கிறார்:
"எதுக்கு அண்ணாச்சி, கேக்குல ஊத்தவா?"
அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி
மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து
தோள்துண்டால் தூசி தட்டித் தருகிறார்,
விலாசம் தப்பி வந்த விருந்தாளியைப் போல.

நெல்லைநாயகம் அதை மஞ்சள் பையில்
முருங்கைக்காய்களுக்கு நடுவே நிற்கவைத்து
ஸ்கூட்டரில் கொண்டுவந்தார்.
வழியில் மூன்று பேர்
முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டார்களாம்.

என்ன விசேஷம்?
விசேஷம் ஒன்றுமில்லை. புதன்கிழமை.
பத்து நாளாய் இந்தா வாரேன் என்ற பிளம்பர்
ஒருவழியாய் வந்து
மாடித் தொட்டியின் ஒழுக்கை அடைத்துவிட்டுப் போயிருந்தார்.
அடுப்பில் சொதி இருந்தது.

போன தைக்கு வந்திருந்தான் சொர்ணகுமார்,
என் சித்தி மகன், புனேயில் வேலை.
கோப்பையின் காம்பைப் பிடி என்றான்,
வயிற்றைத் தொட்டால் சூடேறுமாம்.
சுழற்று, மோந்து பார், உடனே விழுங்காதே,
என்ன வாசம் வருது, சொல்லு.
அவனுக்கு அதில் செர்ரி வந்தது, ஓக் மரம் வந்தது,
குதிரைச் சேணத்தின் தோல்கூட வந்தது.
நான் தின்ற செர்ரியெல்லாம்
பேக்கரி பன்னுக்கு மேலே சாயம் பூசிய களாக்காய்.
ஓக் மரத்துக்கு எங்கே போக?
வாய்மொழித் தேர்வில் முழிக்கிற பிள்ளையாய்
ஆமா, எல்லாம் வருது என்று சொல்லிவைத்தேன்.

இன்று அவன் இல்லை.
தக்கை திறக்கிற திருகும் இல்லை.
பிளம்பர் மறந்துவிட்டுப் போன நீள ஸ்க்ரூவை முறுக்கி
குறட்டால் இழுத்தார் இவர்.
பாதித் தக்கை வெளியே வந்தது, பாதி உள்ளே விழுந்தது.
டீ வடிகட்டியில் வடித்து
எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம்.
என் டம்ளரில் யாரோ ஒரு மாமாவின் கல்யாணத் தேதி
புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது.

சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்பது
பாளையங்கோட்டையின் மே மாதம் தெரியாதவன் எழுதிய சட்டம்.
மோர்ச் செம்புக்குப் பக்கத்தில்
அதற்கும் ஒரு மணி நேரம் இடம் கொடுத்திருந்தேன்.

மோந்தேன்.
யாரும் கேட்காதபோது தானாக வந்தது:
நாவல்பழம் தின்ற நாக்கு.
புளி கொட்டை எடுத்த நாளின் உள்ளங்கை.
கடைசியாக, எங்கேயோ தூரத்தில்,
மழை விட்டதும் பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்.

"உங்களுக்கு?"
இன்னொரு மடக்குக் குடித்து யோசித்தார்.
"வாழைப்பூ ஆய்ஞ்ச கையை நக்கினா மாதிரி இருக்கு."
இதற்கு முழு மார்க் போட்டேன்.

சொதியோடு சேருமா என்று பார்த்தோம்.
சேரவில்லை.
தேங்காய்ப்பாலைக் கண்டதும்
சம்பந்தி வீட்டில் கோபித்தவளைப் போல
முகத்தைத் திருப்பிக்கொண்டது ஒயின்.
உருளைக்கிழங்கு சிப்ஸோடு மட்டும்
அப்படி ஒரு சேக்காளித்தனம்.
இஞ்சித் துவையலை நடுவில் விட்டதும்
மூன்றும் சண்டை போட்டன, அதுவும் நன்றாகவே இருந்தது.

எட்டரைக்கு ரெபேக்கா டீச்சர் வந்தார்,
மோட்டார் ஓடுது, தொட்டி வழியுது என்று சொல்ல.
டம்ளரை மறைக்க நினைத்தேன்.
டம்ளரைப் பார்த்தால் டம்ளர்தானே என்று விட்டுவிட்டேன்.
புட்டியை மறந்துபோனேன்.
டீச்சர் ஒன்றும் சொல்லாமல் போய்
இருமல் மருந்துக் குப்பியோடு திரும்பி வந்தார்:
கிறிஸ்துமஸுக்குப் போட்டதில் மிச்சம்,
பன்னீர் திராட்சை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை.
சர்பத்துக்கு மூத்த அக்கா.
எங்களுடையதை ஒரு வாய் பார்த்துவிட்டு
"சீனி போட மறந்துட்டாவளோ?" என்றார்.

சிரித்து முடிக்கும்வரை
மோட்டாரை நிறுத்த ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மிச்சத்துக்கு மூடி கிடையாது.
பிளம்பர் தந்த பில்லைச் சுருட்டி
புட்டியின் வாயில் இறுக்கி
மோர்ச் செம்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன்.
காலையில் பார்த்தேன்,
அது ஒழுகவில்லை.